ரைபிளைக் கைமாற்றுகிற வேலை

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்த பிறகு, எலியட்ஸ் கடற்கரையில் காலை நடை போகிறவர்கள் அவரை நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை அடையாறு சாஸ்திரி நகரில் அவர் ‘ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர்’, அவ்வளவுதான். பாரா கமாண்டோவாக இருந்தவர் என்று யாரோ சொல்லிவிட, அந்த வாரத்திலிருந்து ‘கர்னல் சார்’ ஆனார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “சார், நீங்க எத்தனை என்கவுன்ட்டர்ல இருந்தீங்க?”

கேட்டவர்களை அவர் ஏமாற்றுவதில்லை. காஷ்மீரில் இருந்த வருஷங்களைப் பற்றி இரண்டு வரி சொல்வார். சொன்ன கையோடு, அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையில் ஜனங்கள் அதிகம் பேசாத பக்கத்துக்குப் போய்விடுவார். 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் உயிர் விட்ட முகுந்த், 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்குப் போவதற்கு முன் மோ நகரின் காலாட்படைப் பள்ளியில் பணியாற்றியவர், லெபனானில் ஐ.நா. அமைதிப் படையிலும் இருந்தவர். “சண்டை போட்ட நாளைக் கேக்கறீங்க. சொல்லிக்கொடுத்த நாளையும் கேளுங்க” என்பார் கர்னல்.

எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் மூன்று நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

சிறப்புப் படைக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, தானே போய் அடிப்பது: இரவில் இறங்கி, காரியத்தை முடித்து, விடிவதற்குள் திரும்பிவிடுவது. இன்னொன்று, வேறொரு படையைச் சண்டைக்குத் தயார்செய்து, கூடவே இருந்து யோசனை சொல்லி, கடைசியில் விலகிக்கொள்வது. அமெரிக்கச் சிறப்புப் படையின் பன்னிரண்டு பேர் அணி உருவானது இந்த இரண்டாவது வேலையை மனதில் வைத்துத்தான். ஆயுதத்துக்கு இருவர், வெடி வேலைக்கும் கட்டுமானத்துக்கும் இருவர், மருத்துவத்துக்கு இருவர், வயர்லெஸ்ஸுக்கு இருவர் என்று எல்லாமே அதில் ஜோடி. அணி ஆறு ஆறாகப் பிரிந்து இரண்டு கிராமங்களில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க அந்த ஏற்பாடு உதவும்.

நம் பாரா கமாண்டோக்கள் பிறந்ததோ முதல் வேலைக்கு. 1965 போரில் மேஜர் மேக் சிங் தலைமையில் எதிரியின் பின்புறம் போய்வந்த மேக்தூத் படைதான் விதை. அடுத்த வருஷம் 9வது பாரா கமாண்டோ பட்டாலியன் வந்தது. 1967ல் அதிலிருந்து பிரிந்தது 10வது. 1971 டிசம்பரில் பாலைவனம் தாண்டி சாச்ரோவைத் தாக்கியது அந்த 10வது பட்டாலியன். பட்டாலியன் மெஸ்களில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதைகள் இப்படி அடித்துவிட்டு வந்த கதைகள்தான்.

மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் கர்னல். இரண்டாவது வேலை என்று ஒன்று இருப்பதை, அவர் ராணுவத்தில் சேர்வதற்கு முன்பே மெட்ராஸ் காட்டிவிட்டது.

1982 மே 19. தி.நகர் பாண்டிபஜாரில் ஈழப் போராளித் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். அப்போது அவர் கல்லூரி மாணவர். அம்மாவோடு பள்ளிக்கூடச் செருப்பு வாங்கப் போய்வந்த தெருவில் நடந்தது என்பதால், மறுநாள் பேப்பரை இரண்டு தடவை படித்தார். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எல்லாம் வேகமெடுத்தது. ஈழப் போராளிக் குழுக்களின் இளைஞர்களுக்கு இந்திய உளவு அமைப்பின் ஏற்பாட்டில் வடக்கே டேராடூன் பக்கம் பயிற்சி நடந்தது. சேலம் மாவட்டம் கொளத்தூரில் விடுதலைப் புலிகளின் முகாம் இருந்தது. அடையாறு இந்திரா நகரில் அவர்களுடைய அலுவலகம் இயங்கியது. 1985ல் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் அவர் கேடட். ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸில் வீட்டுக்கு வரும்போது, தன் வயதுப் பையன்கள் அதே மாதிரி ஒட்ட வெட்டிய தலையோடு அடையாறு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். அவர்களும் ஏதோ ஒரு மைதானத்தில் ‘லைன் பொசிஷன்’ கற்றவர்கள் என்று அந்த நிற்கும் தோரணையே சொல்லும்.

நகரம் அந்தப் பையன்களை நேசித்தது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் நேசித்திருக்கலாம். ஆனால் இந்தப் பயிற்சி எதுவரை, எதற்கு, அவர்கள் நம் பேச்சைக் கேட்காமல் போகிற நாளில் என்ன என்று கேட்டு எழுதிவைத்தவர்கள் எவரும் அன்று இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

1987 ஜூலை 29ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். மறுநாளே பலாலியில் இந்திய அமைதிப் படை இறங்கியது. இளம் அதிகாரியாக அவருடைய காலாட்படைப் பிரிவும் போனது. தமிழ் பேசத் தெரிந்ததால் முதல் இரண்டு மாதம் அவருக்கு ஓய்வே இல்லை. கிணறு, ரேஷன், கோயில் திருவிழாவுக்கு அனுமதி என்று எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தத் தமிழும் எளிதாக வரவில்லை. மயிலாப்பூரில் ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே. யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது. ‘பேந்து வாங்கோ’ என்று ஒரு கடைக்காரர் சொன்னதை, ‘பயந்து வாருங்கள்’ என்று எடுத்துக்கொண்டு அவர் திகைத்திருக்கிறார். ‘பிறகு வாருங்கள்’ என்றுதான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். கோண்டாவில் பக்கம் ஒரு வயதான அம்மா மோர் கொடுத்து, “தம்பி இந்தியாவில எவ்விடம்?” என்று கேட்டார். மயிலாப்பூர் என்றதும், “கபாலீசுவரர் கோயிலடியோ?” என்றார். அந்த அம்மாவின் வீட்டு வேலி எந்த ஒழுங்கையில் திரும்பும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அதையெல்லாம் வரைபடமாக வாங்கிக்கொள்ள மேலே யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

செப்டம்பர் 26ல் நல்லூரில் உண்ணாவிரதமிருந்த புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5ல் பிடிபட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிரண்டு புலிகள் சயனைடு கடித்து மாண்டார்கள். அக்டோபர் 10ல் சண்டை தொடங்கிவிட்டது.

11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அவர் தூரத்திலிருந்து சத்தமாகத்தான் கேட்டார். புலித் தலைமையைப் பிடிக்க எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களில் 10வது பாரா கமாண்டோக்களும் 13வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியினரும் இறக்கப்பட்டார்கள். கீழே புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். சீக்கிய பட்டாலியனில் முப்பது பேர் மட்டுமே இறங்க முடிந்தது. அவர்களில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் வீடுகளுக்குள் ஒதுங்கித் தாக்குப்பிடிக்க, ரயில் பாதை வழியாக டாங்கிகள் போய் அவர்களை மீட்டன. கமாண்டோக்களின் தைரியத்தைக் கர்னல் எந்த இடத்திலும் குறைத்துப் பேசமாட்டார். அவருடைய ஆதங்கம் வேறு: இரண்டு மாதம் அதே ஊரில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஒரு படைக்கு, அந்தத் தெருக்கள் அந்த இரவு முன்பின் தெரியாத தெருக்களாக இருந்தன.

அக்டோபர் 21 தீபாவளி. அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த நம் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் செத்தார்கள். அவர் அங்கே இல்லை. ஆனாலும் தீபாவளிக் காலையில் இன்றுவரை அவர் பட்டாசு கொளுத்துவதில்லை. மோர் கொடுத்த அம்மாவை அதன் பிறகு அவர் பார்க்கவும் இல்லை, அந்த ஒழுங்கைக்குள் போகத் துணியவும் இல்லை. கூட இருந்து உதவ வந்தவன் என்று ஒரு ஊரிடம் சொன்ன அதே ஆளை, அதே சீருடையில், பத்து வாரத்தில் கதவை உடைக்க அனுப்பினால் இரண்டில் ஒன்றைக்கூட அவனால் சரியாகச் செய்ய முடியாது என்பது அங்கே அவர் கண்ணால் பார்த்தது.

நவம்பர் 25ல் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் விழுந்தார். பரங்கிமலையில் பயிற்சி பெற்று 1972ல் அதிகாரியானவர். இறந்த பின் பரம்வீர் சக்ரா பெற்றார். பரங்கிமலையில் கேடட்டுகள் தேறி வெளிவரும் அணிவகுப்பு மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான். சாலிகிராமத்தில் ராணுவக் குடியிருப்பு ஒன்றும் பரமேஸ்வரன் விஹார் என்றே அழைக்கப்படுகிறது. ஆற்காடு ரோட்டில் அந்தப் பலகையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் கர்னல் காரின் வேகத்தைக் குறைப்பார்.

முதல் நோட்டுப் புத்தகம் 1989ஐச் சேர்ந்தது. படை திரும்பப்போகிறது என்பது தெரிந்துவிட்ட நேரம். வரதராஜப் பெருமாளின் வடகிழக்கு மாகாண அரசைத் தாங்கிப்பிடிக்க, தமிழ் தேசிய ராணுவம் என்ற பெயரில் ஒரு படை அவசரமாகத் திரட்டப்பட்டது. தமிழ் பேசுகிற அதிகாரி என்பதால் அவரும் சில வாரம் பயிற்சி கொடுக்கப் போனார். பட்டியலில் பெயர் இருந்த பையன்களில் பாதிப் பேர் தாங்களாக வந்தவர்கள் இல்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் பிடித்து ஏற்றப்பட்டவர்கள். மீசை முளைக்காத ஒரு பையனுக்கு ரைபிளின் கட்டை தோளில் பொருந்தவே இல்லை. “சேர், நான் சோதனை எழுத வேணும்” என்றான். சோதனை என்றால் அங்கே பரீட்சை. நோட்டில் அவன் பெயருக்கு எதிரே, ‘சுடவில்லை, வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று எழுதினார். அனுப்பும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்த வருஷக் கடைசியில் இந்தியப் படை ஒவ்வோர் இடமாக விலக விலக, புதுப் படை சரிந்தது. ஆயுதங்கள் புலிகளின் கைக்குப் போயின. பையன்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்தார்கள் என்ற கணக்கு அவரிடம் இல்லை.

1990 மார்ச் 24ல் திருகோணமலையிலிருந்து கடைசி அணி கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துவிட்டு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டின் அன்றைய மனநிலை அதுதான். கர்னல் சித்திரக்குளம் வீட்டுக்கு ஆட்டோவில் போனார். அம்மா எதுவும் கேட்காமல் சாதம் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் தாமாக முன்வந்து பாரா கமாண்டோவுக்கு மனுப் போட்டது பலருக்கு ஆச்சரியம். தகுதிகாண் காலத்தின் சித்திரவதையெல்லாம் இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு ஆர்வமில்லை. காஷ்மீரில் 90களில் அவர் கற்றது ஒரு தெளிவு: அடிக்கிற வேலைக்கு முடிவு இருக்கிறது. இரவு போனோம், விடிந்தால் விடை தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் எழுத எண்ணிக்கை இருக்கும். பதக்கத்துக்குப் பரிந்துரைக்கச் சம்பவம் இருக்கும். இந்தத் தெளிவில் ஒரு போதை உண்டு என்பதை அவர் மறைக்காமல் சொல்கிறார். அந்த நாட்களில் யாராவது அவரைப் பயிற்சிக் குழுவுக்கு மாற்றினால் தண்டனை என்றே நினைத்திருப்பார்.

மாற்றினார்கள். பூட்டானுக்கு.

இந்திய ராணுவப் பயிற்சிக் குழு 1962 முதல் அங்கே இருக்கிறது. ஹா பள்ளத்தாக்கில் அதன் தலைமையிடம். இரண்டாயிரத்தை ஒட்டி அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது, பூட்டானின் தெற்குக் காடுகளில் உல்ஃபா, போடோ, காம்தாபூர் ஆயுதக் குழுக்கள் முகாமிட்டு அசாமுக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தன. அவருக்குள் இருந்த கமாண்டோவுக்கு முதல் நாளே கை பரபரத்தது. எல்லை தாண்ட நமக்கு எத்தனை இரவு வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்பும் செய்தார். பதுங்கித் தாக்கும் பயிற்சியில், பூட்டான் இளம் அதிகாரி ஒருவர் இயந்திரத் துப்பாக்கியைத் தவறான கோணத்தில் வைத்தார். இவர் தன் கமாண்டோ பழக்கத்தில், அவருடைய சிப்பாய்கள் முன்னாலேயே ஓடிப்போய்த் துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பி வைத்துவிட்டார். கோணம் சரியானது. ஆனால் மறுநாளிலிருந்து அந்த அதிகாரி கேட்டதற்கெல்லாம் “சரி சார்” என்றார், தானாக ஒன்றும் பேசவில்லை. அவரைத் திரும்பப் பேசவைக்க இவருக்கு மூன்று மாதம் பிடித்தது. வில்வித்தை மைதானத்தில் அவர் அணிக்காக நின்று, எய்யத் தெரியாமல் எய்து, எல்லோரும் பாடிச் சிரித்த ஒரு சாயங்காலத்தில்தான் அது நடந்தது.

இரண்டாவது நோட்டில் அந்த மாதங்கள் இருக்கின்றன. ஆயுதம் பற்றிய குறிப்பு அதில் மிகக் குறைவு. ‘சுஜா மூன்று கோப்பை முடிந்த பிறகே வேலைப் பேச்சு’ என்று ஒரு வரி; சுஜா என்பது உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. ‘திருத்துவதைத் தனியாக, நடந்துகொண்டே சொல்.’ ‘நான் ஐந்து நிமிஷத்தில் செய்வதை அவர்கள் இருபது நிமிஷத்தில் செய்யட்டும், கையைக் கட்டிக்கொண்டு நில்.’ ‘கம்பெனி எழுத்தர் லீவில் போனால் ரேஷன் நிற்கிறது, முதலில் அதைச் சரிசெய்.’ கடைசி வரியைக் காட்டி அவர் நிறையப் பேசுவார். சுடத் தெரிந்தவனை ஆறு வாரத்தில் உருவாக்கலாம். அவனுக்குச் சோறும் சம்பளமும் தோட்டாவும் நேரத்துக்குப் போய்ச் சேரும் ஏற்பாட்டை உருவாக்க வருஷங்கள் பிடிக்கும். 1989ல் அவரிடம் இருந்தது அந்த ஆறு வாரம் மட்டும்.

2003 டிசம்பர் 15 அன்று பூட்டான் அரசப் படை தன் தெற்குக் காடுகளுக்குள் இறங்கியது. மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் தானே களத்தில் நின்றார். முப்பது முகாம்கள் அழிக்கப்பட்டன. இந்திய ராணுவம் எல்லையை அடைத்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றது. அப்போது அவர் மிசோரமில், வைரெங்டே காட்டுப் போர்ப் பள்ளியில் வேலையில் இருந்தார். செய்தி வந்ததும், இயந்திரத் துப்பாக்கியைத் தவறாக வைத்த அந்த அதிகாரி இப்போது எந்தப் பள்ளத்தாக்கில் இருப்பார், கோணம் சரியாக இருக்குமா என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. பிறகு ஒருநாள் கடிதம் வந்தது. நலம், கம்பெனி நன்றாகச் செய்தது என்று இரண்டே வரி. பணிக்காலத்தில் தான் செய்த உருப்படியான சண்டை எதுவென்று கேட்டால், ஒரு தோட்டாகூடச் சுடாத இந்தச் சண்டையைத்தான் கர்னல் சொல்வார். அதில் இறந்த பூட்டான் வீரர்களின் நினைவாக தோச்சுலா கணவாயில் 108 சோர்டென் ஸ்தூபிகள் எழுப்பியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு போய் ஒவ்வொன்றையும் சுற்றி வந்தார்.

பூட்டானில் எல்லாம் கைகூடி வந்ததற்கு நாற்பது வருஷப் பழக்கமும், பொறுமையான ஓர் அரசும் காரணம் என்பதை அவர் மறுப்பதில்லை. எல்லா இடத்திலும் அப்படி விலகி நிற்க முடியாது. 1972 ஜூலை 19ல் ஓமானின் மிர்பாத்தில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். காகிதத்தில் அவர்கள் வெறும் பயிற்சிக் குழு. விடியற்காலையில் நூற்றுக்கணக்கான கிளர்ச்சியாளர்கள் சூழ்ந்தபோது, பயிற்றுநர் லபலபா தனி ஆளாக பீரங்கியை இயக்கி அங்கேயே உயிர்விட்டார். சண்டை தெரியாதவரை ஆலோசகராக அனுப்பக் கூடாது என்று கர்னல் அடித்துச் சொல்வதற்கு மிர்பாத் போதும். உள்ளூர்ச் சிப்பாய் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவான், இந்த ஆள் குண்டுச் சத்தத்தில் நின்றவனா என்று.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஆப்கானிஸ்தான். 2007 முதல் அமெரிக்கச் சிறப்புப் படையினர் ஆப்கன் கமாண்டோக்களை உருவாக்கினார்கள். நல்ல படை அது. நன்றாக இருந்ததாலேயே, மற்ற பட்டாலியன்கள் நிற்காத இடத்துக்கெல்லாம் அவர்களையே அனுப்பினார்கள். கற்றுக்கொடுத்தவர்களும் கூடவே ரெய்டுக்குப் போனார்கள், விமானத்தைக் கூப்பிட்டார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். 2021 ஜூனில் ஃபார்யாபின் தவ்லதாபாதில் உதவி வராமல் தோட்டா தீர்ந்து சரணடைந்த கமாண்டோக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் காபூல் விழுந்தது. அடிக்கிற வேலை கைவசம் இருக்கும்வரை தளபதிகள் சிறந்த ஆட்களை அதற்கே இழுத்துக்கொள்வார்கள், சொல்லிக்கொடுக்க மிச்சம் மீதியை அனுப்புவார்கள் என்பது கர்னலின் கோபம். ஒரே ஆள் இரண்டும் செய்யலாம், தானே அதற்குச் சாட்சி என்கிறார். ஆனால் வேறு வேறு வருஷங்களில், வேறு வேறு மக்களிடம். சொல்லிக்கொடுத்த வருஷத்துக்கும் பதவி உயர்வில் அதே மதிப்பெண் போடவேண்டும்.

காபூல் செய்தி வந்த இரவு அவர் பரங்கிமலையை நினைத்தார். 2017 டிசம்பரில் ஆப்கன் ராணுவத்தின் பெண்கள் இருபது பேர் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள். தலையை மூடிய துணிக்கு மேல் தொப்பி போட்டு, ரைபிளோடு சென்னை வெயிலில் தவழ்ந்த அவர்களின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மூன்றாவது நோட்டில் ஒட்டிவைத்திருந்தார். அன்றிரவு அதை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் எழுத ஒன்றும் தோன்றாமல் மூடிவைத்தார்.

போன மாதம் தி.நகரிலிருந்து நண்பரின் பையன் வந்திருந்தான். பாரா கேப்டன், இருபத்தெட்டு வயசு. பயிற்சிக் குழுவுக்குப் போஸ்டிங் வந்த வருத்தம் முகத்தில் தெரிந்தது. “அங்கிள், என் பேட்ச்மேட்ஸ் எல்லாம் காஷ்மீர்ல இருக்காங்க. நான் மட்டும் பூட்டான் போய் டீ குடிக்கணுமா?”

கர்னல் பதில் சொல்லாமல் உள்ளே போய் இரண்டாவது நோட்டை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, முனை மடங்கிய நோட்டு. முதல் பக்கத்தில் வணக்கம் என்பதற்கான சொல் தமிழ் எழுத்தில் இருந்தது: குசுசாங்போ லா.

“படி.”

பையன் வேகமாகப் படித்தான்.

“லா-வை முழுங்காத. அதுலதான் மரியாதை இருக்கு. மறுபடி சொல்லு.”

ஃபில்டர் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆறாவது தடவை சொன்னபோது, கர்னல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.